சிங்கப்பூரில் எழுதிய உயில், தஞ்சாவூரில் இருந்த வீடு: ஒரு நிகழ்வு ஆய்வு

வெளிநாட்டில் வாழும் நம்மவர்கள் உயில் எழுதாமல் இறந்துபோவதால் குடும்பங்கள் அலைவதை எல்லோரும் அறிவோம். உயில் எழுதிவைத்தும் அலைந்த குடும்பங்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இந்த ஆய்வு அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தைப் பற்றியது. இறந்தவர் ஒன்றுக்கு இரண்டு உயில்களை விட்டுச் சென்றார். இரண்டும் முறைப்படி கையெழுத்தானவை. அப்படியிருந்தும், யாரை நினைத்து முதல் உயிலை எழுதினாரோ அந்த அக்காள் வீடிழந்து நிற்கும் நிலைக்கு வந்தார்.

வெளிநாட்டுச் சொத்துரிமைச் சிக்கல்களில் திரும்பத் திரும்பக் கண்ட கூறுகளைச் சேர்த்து, எந்தக் குடும்பமும் அடையாளம் தெரியாதபடி இந்த நிகழ்வை ஒரே குடும்பத்தின் கதையாக அமைத்திருக்கிறேன். இதில் வரும் சட்டப் பிரிவுகளும் தீர்ப்புகளும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

குடும்பமும் சொத்துகளும்

உயில் எழுதியவர் தஞ்சாவூர் மாவட்டத்தின் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார், நிரந்தரவாசம் பெற்றார், இந்தியக் குடியுரிமையை விடவில்லை. மனைவியும் மகளும் அவருடன் சிங்கப்பூரில் இருந்தார்கள். மகன் படிக்கப்போய் ஆஸ்திரேலியாவிலேயே வேலை தேடிக்கொண்டார். ஊரில் இரண்டு பேர்: விவசாயம் பார்க்கும் தம்பி, இளம் வயதிலேயே கணவரை இழந்து, குழந்தை இல்லாமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பிவந்த அக்காள். பெற்றோர் இருவரும் காலமாகிவிட்டார்கள்.

ஊரில் அவர் தன் சம்பாத்தியத்தில் மனை வாங்கிக் கட்டிய மாடி வீட்டில் அக்காள் குடியிருந்தார். பாட்டன் காலத்திலிருந்து வந்த மூன்று ஏக்கர் நஞ்சை பாகம் பிரிக்கப்படாமல், பட்டா இரண்டு சகோதரர்களின் பெயரில் கூட்டாக இருந்தது. சென்னையில் 2008-இல் தன் பெயரிலும் மனைவி பெயரிலும் வாங்கிய ஓர் அடுக்ககக் குடியிருப்பும், மனைவியை நியமனதாரராகக் காட்டிய வங்கி வைப்புத்தொகையும் இருந்தன. சிங்கப்பூரில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதி, ஒரு சேமிப்புக் கணக்கு.

வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வழக்கமான சொத்து வரிசைதான் இது. ஆனால் இதில் உள்ள ஒவ்வொன்றும் வெவ்வேறு விதிப்படி அடுத்தவர் கைக்குப் போகிறது. சிக்கல் அங்கிருந்துதான் தொடங்கியது.

இரண்டு உயில்கள்

2011-இல் விடுமுறைக்கு வந்தபோது, பத்திர எழுத்தர் ஒருவரிடம் சொல்லி முதல் உயிலை எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தார். ஊர் வீட்டில் அக்காளுக்கு ஆயுள்காலம் முழுவதும் குடியிருக்கும் உரிமை, அவருக்குப் பின் வீடு மகனுக்கு. நிலத்தில் தன் பாகம் தம்பிக்கு. சென்னைக் குடியிருப்பு மகளுக்கு. வைப்புத்தொகை மனைவிக்கு. பத்திர எழுத்தரின் உதவியாளரும் பக்கத்து வீட்டுப் பெரியவரும் சாட்சிகள்.

படிப்பவர் மனத்தைத் தொடும் உயில் அது. ஒவ்வொருவரையும் நினைத்து எழுதியிருக்கிறார்.

2017-இல், உடன் வேலை பார்த்த ஒருவர் திடீரென்று இறந்து, அவருடைய குடும்பம் வங்கிப் பணத்துக்கு அலைந்ததைப் பார்த்துவிட்டு, சிங்கப்பூரில் ஒரு சட்ட அலுவலகத்தில் இரண்டாவது உயிலை எழுதினார். ஆங்கிலத்தில் இரண்டே பக்கம். இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன் என்பது அதன் முதல் வாசகம். அசையும் சொத்து, அசையாச் சொத்து அனைத்தும், எங்கிருந்தாலும், மனைவிக்கே என்பது மூன்றாவது வாசகம். சாட்சிகள் அந்த அலுவலக ஊழியர்கள் இருவர். 2011 உயிலைப் பற்றி அங்கே அவர் சொன்னதற்கான குறிப்பு எதுவும் கிடைக்கவில்லை. சிங்கப்பூர்க் காரியத்துக்குச் சிங்கப்பூரில் ஓர் உயில், இந்தியக் காரியத்துக்குத்தான் ஏற்கெனவே பதிவு செய்த உயில் இருக்கிறதே என்றுதான் நினைத்திருப்பார். அந்த நினைப்பில் எந்தத் தவறும் இல்லை. காகிதம் வேறு மாதிரி பேசியது.

இறப்புக்குப் பிறகு நடந்தவை

2019 இறுதியில் மாரடைப்பால் இறந்தார். சிங்கப்பூரில் பெரிய சிக்கல் எதுவும் எழவில்லை. வீவக வீடு கணவன் மனைவி இருவரின் கூட்டு உரிமையில், ஒருவர் இறந்தால் முழுவதும் மற்றவருக்கே சேரும் வகையில் இருந்தது. அந்த வகையில் வீடு உயிலுக்குள் வராமலே மனைவிக்குச் சேர்ந்துவிட்டது. மத்திய சேமநிதிப் பணமும் அப்படியே. அதை உயிலால் கொடுக்க முடியாது. நியமனப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குப் போகும். அவர் மனைவியை நியமித்திருந்தார். எஞ்சியது சேமிப்புக் கணக்கு மட்டும். அதற்காக மனைவி அங்குள்ள நீதிமன்றத்தில் உயில் மெய்ப்பிப்பு ஆணை (புரோபேட்) பெற்றார்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். சிங்கப்பூருக்காக எழுதிய உயிலுக்குச் சிங்கப்பூரில் இருந்த வேலை அந்த ஒரு கணக்கு மட்டுமே. அதன் உண்மையான பாரம் முழுவதும், அவர் நினைத்தே பார்க்காத தஞ்சாவூர் வீட்டின் மீது விழுந்தது.

ஊரில் தம்பியிடம் 2014-இல் அண்ணன் கொடுத்த பொது அதிகாரப் பத்திரம் இருந்தது. ஈமச் சடங்குகள் முடிந்த சில வாரங்களில், அந்தப் பத்திரத்தை வைத்து ஊர் வீட்டை விற்க ஒருவரிடம் முன்பணம் வாங்கினார் தம்பி. கடன் நெருக்கடி இருந்தது. அண்ணன் இருந்திருந்தால் சம்மதித்திருப்பார் என்றும் சொன்னார். அக்காள் வீட்டைக் காலி செய்ய மறுத்தார். மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து 2011 உயிலின் நகலைக் கேட்டு எழுதினார். மனைவி 2017 உயிலைக் காட்டினார். 2020 மார்ச்சில் விமானங்கள் நின்றுபோயின. அதன் பிறகு குடும்பத்தார் பேசிக்கொண்டதெல்லாம் தொலைபேசி வழியாக, அதுவும் வக்கீல்களின் நோட்டீசுகளுக்கு நடுவே.

எது செல்லும்?

தம்பி தரப்பின் முதல் வாதம் ஊரில் எல்லோரும் நம்புகிற ஒன்று: பதிவு செய்த உயிலைப் பதிவு செய்யாத உயில் வெல்ல முடியாது. இது சரியல்ல. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி உயிலைப் பதிவு செய்வது எழுதுபவரின் விருப்பம். பதிவு செய்தால் சில வசதிகள் உண்டு. ஆவணம் தொலையாது, எந்த நாளில் எழுதியது என்பதில் சந்தேகம் குறையும். ஆனால் பதிவு ஓர் உயிலை மற்றதைவிட உயர்த்திவிடாது. கடைசியாக, முறைப்படி கையெழுத்தானது எதுவோ அதுதான் நிற்கும். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு, உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து செய்யலாம் என்கிறது. எப்படி ரத்து செய்வது என்பதை 70-ஆம் பிரிவு சொல்கிறது: இன்னோர் உயிலால், உயில் போலவே சாட்சியுடன் கையெழுத்திட்ட ஓர் எழுத்தால், அல்லது ரத்து செய்யும் எண்ணத்தோடு உயிலை எரித்தோ கிழித்தோ அழிப்பதால்.

அப்படியானால் சிங்கப்பூர் உயில் இந்தியாவில் முறைப்படி கையெழுத்தானதாகக் கொள்ளப்படுமா? 63-ஆம் பிரிவு கேட்பது இவ்வளவுதான்: எழுதியவர் கையெழுத்திட வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது இது என் கையெழுத்து என்று அவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும், சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை. தூதரக முத்திரை தேவையில்லை. தமிழில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சிங்கப்பூர்ச் சட்டம் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் உடன் இருக்க வேண்டும் என்று இதைவிடக் கண்டிப்பாகக் கேட்கிறது. ஆகவே அங்கே சரியாகக் கையெழுத்தான உயில் இங்கேயும் வடிவத்தில் தேறிவிடுகிறது.

எஞ்சியிருந்த கேள்வி ஒன்றே: அந்த ரத்து வாசகம் இந்திய உயிலையும் சேர்த்துத்தான் குறித்ததா? எழுத்துப்படி ஆம். எல்லா உயில்களும் என்றால் எல்லாம்தான். எங்கிருந்தாலும் என்றால் தஞ்சாவூரும்தான். ஆனால் உயிலைப் படிக்கும் நீதிமன்றம் எழுதியவரின் இருக்கையில் அமர்ந்து, அவர் சூழ்நிலையை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் நெறி. அந்த நெறியைப் பிடித்து, அவர் நினைத்தது சிங்கப்பூர்ச் சொத்தை மட்டுமே என்று மகன் தரப்பு வாதிட இடம் இருந்தது. வலுவான வாதம் என்று சொல்ல மாட்டேன். வாசகம் தெளிவாக இருக்கும்போது எண்ணத்தை ஊகிக்க நீதிமன்றங்கள் தயங்கும். இருந்தாலும், பல ஆண்டுகள் வழக்கு நடத்த அது போதும்.

நிரூபிக்கும் பாரம் இரண்டு பக்கமும் இருந்தது. அப்போது நடைமுறையில் இருந்த 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 68-ஆம் பிரிவுப்படி, சாட்சிகளில் ஒருவராவது உயிருடன் இருந்து வாக்குமூலம் தர இயலுமானால், அவரை நீதிமன்றத்தில் விசாரித்தே உயிலை மெய்ப்பிக்க வேண்டும். 2024 ஜூலை முதல் அந்த இடத்தில் வந்திருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியமும் இந்த விதியை அப்படியே வைத்திருக்கிறது. 2011 உயிலின் சாட்சிகளில் பத்திர எழுத்தரின் உதவியாளர் இறந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு நினைவு தப்பிவிட்டது. அந்த நிலையில் கையெழுத்துகளை அடையாளம் காட்டி நிரூபிக்கச் சட்டம் வழிவிடுகிறது, ஆனால் அது கரடுமுரடான வழி. 2017 உயிலின் சாட்சிகளோ சிங்கப்பூரில், இவரை ஒரே ஒரு முறை பார்த்தவர்கள். காணொலி வழியாக விசாரிக்கலாம் என்றாலும், ஊர் நீதிமன்றத்தின் வழக்குக்காக அவர்களைத் தேடிப்பிடிக்க வேண்டும்.

உயிலில் சந்தேகத்துக்கிடமான சூழ்நிலை ஏதும் இருந்தால் அதை நீக்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவருடையது என்று உச்ச நீதிமன்றம் எச். வெங்கடாசல அய்யங்கார் எதிர் பி.என். திம்மஜம்மா வழக்கில் விளக்கியது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உயில் வழக்குகள் அந்தத் தீர்ப்பைச் சுற்றித்தான் நடக்கின்றன. அக்காளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாத இரண்டாவது உயிலை, முதல் உயிலைப் படித்த எவரும் ஒரு கேள்வியுடன்தான் பார்ப்பார்கள்.

பவர் பத்திரம்

இதில் விவாதமே இல்லை. அதிகாரம் கொடுத்தவர் இறந்த அன்றே அதிகாரமும் முடிகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. சிங்கப்பூரில் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்றதும், இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியதும் எல்லாம் ஒழுங்காகவே நடந்திருந்தன. அந்த ஒழுங்கெல்லாம் அவர் உயிரோடிருந்தவரைக்கும்தான். சார்பதிவாளர் அலுவலகத்தில், அதிகாரம் கொடுத்தவர் உயிருடன் இருப்பதற்கான சான்று கேட்டபோது விற்பனை நின்றது. வாங்கிய முன்பணத்தைத் தம்பி கடன் வாங்கித் திருப்பிக் கொடுத்தார்.

வெளிநாட்டில் இருக்கும் பலர், ஊரில் பவர் கொடுத்துவிட்டோம், எல்லாவற்றையும் அவன் பார்த்துக்கொள்வான் என்கிறார்கள். இருக்கும்வரை பார்த்துக்கொள்வான். இல்லாமல் போகும் நாளுக்கு அந்தப் பத்திரம் எதையும் செய்யாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பவர் முகவர் உங்களுக்காக உயில் எழுதவும் முடியாது.

நிலத்தில் மறைந்திருந்த பங்கு

மூன்று ஏக்கரைப் பற்றி இரண்டு உயில்களும் பேசின, அவை இரண்டைப் பற்றியும் இரண்டு தரப்பும் பேசின. யாரும் கேட்காத கேள்வி: அந்த நிலம் இரண்டு சகோதரர்களுக்கு மட்டும்தான் சொந்தமா?

பாட்டன் வழியாக வந்து, பாகம் பிரியாத கூட்டுக்குடும்பச் சொத்து அது. தமிழ்நாட்டில் 1989-இல் வந்த திருத்தம் மகள்களுக்கும் பிறப்பால் பங்குரிமை தந்தது. ஆனால் அத்திருத்தத்துக்கு முன்பே திருமணமானவர்களை விலக்கியது. அக்காள் அதற்கு முன்பே மணமானவர். ஆகவே குடும்பத்தில் அவருக்குப் பங்கில்லை என்று முடிவாகிவிட்டது. பட்டாவும் அப்படியே மாறியது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. தந்தை அந்தத் தேதியில் உயிருடன் இருந்திருக்க வேண்டுமா என்பதில் குழப்பம் இருந்தது. குடும்பம் நோட்டீசு அனுப்பிக்கொண்டிருந்த அதே நாட்களில், 2020 ஆகஸ்டு 11 அன்று, வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. உரிமை பிறப்பால் வருவது, தந்தை அன்று உயிருடன் இருந்தாரா என்பது பொருட்டல்ல.

அதாவது, தம்பிமார்களின் தயவில் ஒரு கூரைக்கடியில் இருக்கிறார் என்று எல்லோரும் நினைத்த அக்காள், அந்த நிலத்தில் அவர்களுக்குச் சமமான பங்குதாரர். அவரைக் காப்பாற்ற உயில் எழுதிய சகோதரர்கூட இதை அறிந்திருக்கவில்லை.

இதற்கு இன்னொரு விளைவும் உண்டு. உயிலில் அவர் எழுதக்கூடியது அவருக்குரிய பங்கை மட்டும். அதிலும் கூட்டுக்குடும்பச் சொத்தாக வந்த பகுதியில் அவருடைய மகனுக்கும் மகளுக்கும் பிறப்பால் வரும் உரிமையைக் கழிக்க வேண்டும். எஞ்சுவதை உயிலால் கொடுக்க இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. நிலத்தில் என் பாகம் என்று பத்திர எழுத்தர் எழுதிய மூன்று சொற்களுக்குள் இவ்வளவும் அடங்கிக் கிடந்தது. உயில் எழுதும் முன் தாய்ப்பத்திரத்தை எடுத்துப் படிக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

சென்னைக் குடியிருப்பு

இதில் மகள் ஏமாந்தார். தந்தை முழுக் குடியிருப்பையும் தனக்கு எழுதியதாக அவர் நம்பினார். பத்திரத்தில் இருவர் பெயர் இருந்ததால் தந்தையால் எழுத முடிந்தது பாதி மட்டுமே. சிங்கப்பூர் வீட்டைப் போல, ஒருவர் இறந்தால் மற்றவருக்குத் தானாகச் சேரும் என்று மனைவியும் நினைத்திருந்தார். இந்தியாவில் கூட்டுப் பெயரில் வாங்கிய வீடு அப்படித் தானாகச் சேர்வதில்லை. தனியாக எழுதியிருந்தாலொழிய அவரவர் பங்கு அவரவர் வாரிசுக்கே போகும். இரண்டு நாட்டு விதிகளுக்கும் இடையில் தாயும் மகளும் வெவ்வேறு திசையில் தவறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

அப்போது நடைமுறையில் இருந்த சட்டப்படி, சென்னை மாநகர எல்லைக்குள் உள்ள அசையாச் சொத்தைப் பற்றி ஓர் இந்து எழுதிய உயிலுக்கு உயர் நீதிமன்றத்தின் புரோபேட் கட்டாயம். தஞ்சாவூர் வீட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சிங்கப்பூர் நீதிமன்றம் தந்த மெய்ப்பிப்பு ஆணை இங்கே நேரடியாகச் செல்லாது. அதன் சான்றளித்த நகலை வைத்து, வாரிசுரிமைச் சட்டத்தின் 228-ஆம் பிரிவின்கீழ் இங்குள்ள நீதிமன்றத்தில் நிர்வாக ஆணை கேட்க வேண்டும்.

சமரசம்

2021-இல் சமரசப் பேச்சு தொடங்கியது. வழி திறந்தவர் மனைவி. 2017 உயில்தான் செல்லும் என்று அவருடைய வக்கீல் சொன்னார். சட்டப்படி அவர் நிலைதான் வலுவானது. ஆனால் கணவர் அக்காளுக்குக் கொடுத்த வாக்கு அவருக்குத் தெரியும். அதை நடைமுறைப்படுத்தத் தன் வெற்றியைப் பயன்படுத்தினார். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியவர் அவர்தான்.

2017 உயிலை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். வீடு மனைவிக்கு வந்தது. அவர் உடனே செட்டில்மெண்ட் பத்திரம் (உயிரோடிருக்கும்போதே சொத்துரிமையை மாற்றித் தரும் பத்திரம்) எழுதி, அக்காளுக்கு ஆயுள்கால அனுபவ உரிமையும் அவருக்குப் பின் மகனுக்கும் மகளுக்கும் சமபாகமும் கொடுத்துப் பதிவு செய்தார். இந்தப் பத்திரத்தைத் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது. நாளை மனைவி வேறு உயில் எழுதினாலும் அக்காளின் உரிமை அசையாது. சென்னைக் குடியிருப்பில், புரோபேட்டுக்குப் போகாமல், இறந்தவரின் பாதிப் பங்குக்கு வாரிசுகளான மகனும் மகளும் தாய்க்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தார்கள். நிலம் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் மூலம் மூன்றாகப் பிரிந்தது: அக்காள், தம்பி, இறந்தவரின் கிளை. பட்டா மாறுதல் அதன்பின் நடந்தது.

தம்பிக்கு முதல் உயிலில் கிடைத்திருக்கக்கூடிய பாகம் கிடைக்கவில்லை என்ற மனக்குறை உண்டு. அண்ணன் கிளையின் பங்கையும் அவரே குத்தகைக்குப் பயிரிடுவது என்று பேசி முடித்ததில் அது ஓரளவு ஆறியது.

எப்படி எழுதியிருக்க வேண்டும்

சொத்து இருக்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் தனி உயில் எழுதலாம். பெரும்பாலும் அதுவே நல்லது. ஆனால் ஒன்று மற்றொன்றைத் தொடாதபடி எழுத வேண்டும். ரத்து வாசகம் எங்கே நிற்கிறது என்பதே இதில் உயிர்நாடி. இந்திய உயிலில் இப்படி எழுதலாம்: “இந்த உயில் இந்தியாவில் உள்ள என் சொத்துகளை மட்டுமே பற்றியது. இந்தியாவில் உள்ள சொத்துகளைப் பற்றி நான் இதற்கு முன் எழுதிய உயில்களை மட்டும் இதனால் ரத்து செய்கிறேன். வேறு நாட்டில் உள்ள சொத்துகளைப் பற்றி நான் எழுதிய அல்லது எழுதப்போகும் எந்த உயிலையும் இது பாதிக்காது.” வெளிநாட்டு உயிலிலும் இதே வரம்பை, அந்த நாட்டுச் சொத்துக்குப் பொருந்தும்படி எழுதித் தரச் சொல்லுங்கள். அச்சிட்ட படிவமாகக் கொடுத்தால் முதல் வாசகத்தை முதலில் படியுங்கள்.

சாட்சிகளை அலுவலகத்தில் அப்போது யார் இருக்கிறார்களோ அவர்களை வைத்து முடித்துவிடுவது நம்மிடையே பெரும் வழக்கம். இந்தப் பழக்கத்தை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். உங்களைவிட வயதில் நன்கு இளையவர், உங்களை அறிந்தவர், நாளை நீதிமன்றத்துக்கு வந்து சொல்லக்கூடியவர், உயிலில் எந்தப் பயனும் பெறாதவர் சாட்சியாக இருக்க வேண்டும். இந்திய உயிலுக்கு இந்தியாவில் வாழும் சாட்சிகள் நல்லது. வெளிநாட்டில் இருந்தபடியே எழுத நேர்ந்தால், ஊருக்குத் திரும்பிவரும் எண்ணமுள்ள உறவினரல்லாத நண்பர்களைத் தேர்ந்தெடுக்கலாம். சாட்சிகளின் தந்தை பெயர், முகவரி, வயது ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். உயிலை நிறைவேற்றுபவராக ஒருவரை நியமித்து, அவர் இயலாத நிலையில் மாற்று ஒருவரையும் எழுதுங்கள். சொத்து விவரத்தில் சர்வே எண்ணும் மூலப்பத்திர எண்ணும் வேண்டும்.

பதிவு கட்டாயமில்லை என்றாலும் விடுமுறையில் வரும்போது பதிவு செய்வதையே பரிந்துரைப்பேன். முத்திரைத் தீர்வை கிடையாது. எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அவரோ அவருடைய முகவரோ தவிர வேறு யாரும் பதிவு செய்த உயிலின் நகலைப் பெற முடியாது என்பதால், ஊரில் தெரிந்துவிடுமே என்ற அச்சமும் வேண்டாம். வரவே முடியாதவர்களுக்கு அதிகம் அறியப்படாத ஒரு வழி இருக்கிறது: பதிவுச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி, முத்திரையிட்ட உறையில் உயிலை மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கலாம். அதிகாரம் பெற்ற முகவர் மூலமாகவும் ஒப்படைக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும், நாம் இல்லாமல் போனால் தெருவில் நிற்கக்கூடிய ஒருவருக்காக ஏற்பாடு செய்யும்போது, உயிலை மட்டும் நம்பக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. உயில் எந்த நாளும் மாறலாம், தெரியாமலேயே ரத்தாகலாம், நிரூபிக்கப்படாமலும் போகலாம். 2011-இல் அவர் அக்காளுக்கு ஆயுள்கால உரிமை கொடுத்து செட்டில்மெண்ட் எழுதியிருந்தால், 2017-இன் இரண்டு பக்கங்கள் அந்த வீட்டை அசைத்திருக்க முடியாது.

நிலத்துக்கு இதே அறிவுரை பொருந்தாது. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகள் அனுமதிப்பதில்லை. தானமாகப் பெறவும் வழியில்லை. வாரிசாக, உயில் மூலமாகவோ இல்லாமலோ, அடையலாம். ஆகவே வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு நஞ்சையைக் கொடுக்க நினைக்கும் தகப்பனுக்கு உயில்தான் வழி. பின்னாளில் அந்த நிலத்தை மகன் விற்க நினைத்தால் இந்தியாவில் வசிப்பவருக்கே விற்க முடியும். விற்ற பணத்தை வெளிநாட்டுக்கு எடுத்துச்செல்ல, வாரிசுரிமையைக் காட்டும் ஆவணத்துடன் என்.ஆர்.ஓ. கணக்கு (வெளிநாட்டில் வசிப்பவர் தம் இந்திய வருமானத்துக்காக இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) வழியாக ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை அனுமதி உண்டு.

இங்கே சொன்னது இந்துக் குடும்பத்தின் நிலை. கிறிஸ்தவர் எழுதிய உயில் அவர் திருமணம் செய்துகொண்டால் ரத்தாகிவிடும். இந்துக்களுக்கு அந்த விதி இல்லை. ஆனால் சிங்கப்பூர்ச் சட்டமும் இங்கிலாந்துச் சட்டமும் திருமணத்தால் உயில் ரத்தாகும் என்றே சொல்வதால், அங்கே இருக்கும் இளைஞர்கள் மணமான பின் புதிதாக எழுத வேண்டும். இஸ்லாமியர் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாரிசுகளின் சம்மதமின்றி உயிலால் கொடுக்க முடியாது; வாரிசாக வருபவருக்குக் கொடுக்க மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

அக்காளின் உயில்

பாகப்பிரிவினை பதிவான பிறகு, அக்காளிடம் ஒரு ஏக்கர் நஞ்சையும், கறவை மாடுகளும், அஞ்சலகச் சேமிப்பும் இருந்தன. குழந்தை இல்லாத கைம்பெண் உயில் எழுதாமல் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, பெற்றோர் வழியாக வாரிசாக வந்த சொத்து தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். அவர் தானே சம்பாதித்ததெல்லாம் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். மணமான சில மாதங்களில் கணவரை இழந்து, புகுந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, பெற்றோர் படிக்கவைத்து, தானே வேலை பார்த்துச் சேர்த்த ஒரு பெண்ணின் சொத்துகூட அப்படித்தான் போனது. ஓம்பிரகாஷ் எதிர் ராதாசரண் வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் மனம் வருந்தினாலும் சட்டம் அதுதான் என்றது.

இதை விளக்கியபோது அக்காள் அதிகம் யோசிக்கவில்லை. நிலம் தம்பி மகளுக்கு, அஞ்சலகப் பணமும் மாடுகளும் தன்னை உடனிருந்து பார்த்துக்கொண்ட பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு என்றார். தாய்ப்பத்திரமும் புதிய பட்டாவும் சரிபார்க்கப்பட்டன. ஊர்ப் பள்ளி ஆசிரியை ஒருவரும் மருந்துக்கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவரும் சாட்சிக் கையெழுத்திட்டார்கள். அடுத்த வாரமே அந்த உயில் பதிவானது.